நாலாம் சிலிண்டரின் வளையம்

ஜெர்க்கின் பாக்கெட்டுக்குள் நான் கையை விட்டிருக்கக் கூடாது. கல்லாறு தாண்டி, பாக்குத் தோப்புகள் முடிந்து, மலையின் முதல் குளிர் ஜன்னல் வழியாக முழங்கையில் பட்டதும் கை தானாக உள்ளே போயிற்று, போன இடத்தில் அது இருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, விரல் நுனிக்கே தெரியும். பித்தளை. காகிதம் கனம்தான் இருக்கும். பெரிய வளையல் ஒன்றைத் தட்டையாக நசுக்கினால் எப்படியோ அப்படி. நானே கத்தரித்தது, நானே உப்புத்தாள் போட்டு ஓரம் தேய்த்தது. இது இருக்க வேண்டிய இடம் இந்தக் காரின் இன்ஜினுக்குள்ளே, நாலாவது சிலிண்டரின் அடியில். என் பாக்கெட்டில் இல்லை. கார் மலை ஏறிக்கொண்டிருக்கிறது. ஓட்டுவது இதன் சொந்தக்காரர் வரது சார், வயது அறுபத்தாறு, குன்னூரில் பழைய கார் கண்காட்சிக்குப் போகிற சந்தோஷத்தில் தலையில் தொப்பி வேறு. பின் சீட்டில் அவர் மகள் மதுவந்தி, அவள் மடியில் ஏழு மாதக் குழந்தை. முன் சீட்டில் நான், இன்னாசி, இந்த இன்ஜினைப் பிரித்துக் கோத்தவன், வலது கையைப் பாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் பலகை வருகிறது. கொண்டை ஊசி வளைவு, பதினாலில் ஒன்று. வரது சார் கியரை இறக்குகிறார், இன்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு இழுக்கிறது. இன்னும் பதிமூன்று இருக்கிறது.

"என்ன இன்னாசி, பேச்சையே காணோம்? எப்படி இழுக்குது பாத்தீங்களா?" என்கிறார் வரது சார். "நல்லா இழுக்குதுங்க" என்கிறேன். குரல் வேறு யாருடையதோ போல இருக்கிறது.

பதறாதே. இரண்டு வெட்டினாய். ஆமாம், இரண்டு வெட்டினேன், ஒன்று கசங்கிப்போனால் கைவசம் இன்னொன்று இருக்கட்டும் என்று எதையும் இரண்டாக வெட்டுவதுதான் என் வழக்கம், அப்படியானால் ஒன்று உள்ளே, இது மிச்சம், அவ்வளவுதான், கையை வெளியே எடு. எடுக்க வரவில்லை. ஒன்று உள்ளே இருக்கிறது என்று யார் சொன்னது? நான்தான் சொல்கிறேன். போட்டதைப் பார்த்தேனா? போட்டவனே நான்தானே, பார்க்காமலா போடுவேன். சரி, போட்டதை நினைத்துப் பார். இந்த வான்கார்டு ஐம்பத்து நாலாம் வருடத்து வண்டி, இதில் சிலிண்டர்கள் பிளாக்கோடு சேர்த்து வார்த்தவை அல்ல. நாலு இரும்புக் குழாய்கள், லைனர் என்போம், மேலிருந்து இறங்கி அடியில் ஒரு விளிம்பில் உட்கார வேண்டும், சுற்றிலும் தண்ணீர் நிற்கும். விளிம்புக்கும் லைனருக்கும் நடுவே ஒரு தகடு, ஸ்பேசர், இரண்டு லைனருக்குச் சேர்த்து எட்டு வடிவத்தில் ஒன்று. அந்தத் தகட்டின் கனத்தில்தான் எல்லாமே இருக்கிறது. லைனரின் தலை பிளாக்கின் மட்டத்துக்கு மேலே மூன்று தௌ எட்டிப்பார்க்க வேண்டும், நாலு என்றால் நிம்மதி. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் தௌ, தலைமயிரில் பாதிகூட இல்லை. அந்த அளவு எட்டிப்பார்த்தால்தான் மேலே உட்காருகிற ஹெட் அதை அழுத்திப் பிடிக்கும். இல்லையென்றால் தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போகும், ஆயிலில் கலக்கும், ஆயில் பால்காப்பி நிறத்துக்கு மாறும், பேரிங் தேயும், இன்ஜின் ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ளும். எங்கே பிடிக்கும்? சமவெளியில் பிடிக்காது. அவிநாசி ரோட்டில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய் மாதிரி ஓடியது. ஏற்றத்தில், முழு பாரத்தில், தண்ணீர் கொதிக்கப் போகிற நேரத்தில்தான் பிடிக்கும். இந்த மாதிரி ஒரு வளைவில், பின்னால் அரசு பஸ் ஒன்று முட்டுகிற தூரத்தில் வந்துகொண்டிருக்கும்போது. கண்ணாடியில் பார்க்கிறேன். பஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது.

எவ்வளவு அலைந்தேன் இந்த ஸ்பேசருக்கு. சென்னைப் புதுப்பேட்டையில் சந்து சந்தாகக் கேட்டேன், ஒருவன் காது கேட்காதவன் போலப் பார்த்தான், ஒருவன் "அண்ணே, இதையெல்லாம் மியூசியத்துல கேளுங்க" என்றான். காரைக்குடியில் ஒருவர் இருக்கிறது, இருக்கிறது என்று ஒரு மாதம் போனில் சொல்லிவிட்டுக் கடைசியில் கிளட்ச் பிளேட்டை அனுப்பிவைத்தார். அப்புறம்தான் உறைத்தது, இதே இன்ஜினின் உடன்பிறப்பு அந்தக் காலத்து டிராக்டரிலும் இருந்ததே என்று. உடுமலையில் ஒரு டிராக்டர் ஸ்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பரணில் ஏறித் தும்மிக்கொண்டே இறங்கினார், கையில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் இரண்டு எட்டுகள், கீறல் இல்லாமல். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவற்றைச் சாப்பாட்டுப் பையில் வைத்து, பையை மடியில் வைத்து, கோயம்புத்தூர் வரை பஸ்ஸில் யாரையும் ஒட்டி உட்கார விடவில்லை. பாருங்கள், இதெல்லாம் நினைவிருக்கிறது. கடைக்காரர் சட்டையின் கட்டம்கூட நினைவிருக்கிறது. பச்சை. நாலாம் சிலிண்டரின் விளிம்பைத் துரு தின்றிருந்தது நினைவிருக்கிறது. அதை மட்டமாக்க மைமூன் கட்டர் வைத்துக் கொஞ்சம் சீவியது நினைவிருக்கிறது. மைமூன் என் பட்டறையில் பதினேழு வருடமாக இருக்கிறாள், அவள் கை வைத்தால் அளவு பிசகாது. சீவியதும் அந்த ஒரு லைனர் மட்டும் தாழ்ந்துபோயிற்று. மற்ற மூன்றும் நாலு தௌ நிற்க இது ஒரு தௌ. "மூணு தௌவுல ஒரு வளையம் வெட்டி அடியில குடுத்துடலாம்ண்ணா" என்றாள். வெட்டினேன், இரண்டு வெட்டினேன், பெஞ்சில் செய்தித்தாளின் மேல் வைத்தேன். அதுவும் நினைவிருக்கிறது. அதற்கு அப்புறம் ஹெட்டை நாங்கள் இருவரும் தூக்கி இறக்குகிறோம், நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து முறுக்குகிறேன். செய்தித்தாளுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தையே யாரோ கத்தரித்து எடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

மூன்றாவது வளைவு. டெம்பரேச்சர் முள் எண்பதைத் தாண்டிவிட்டது. தாண்டத்தான் செய்யும், மலையில்லையா. இல்லை, ஒரு காட்சி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது: ஹெட் உட்கார்ந்துவிட்டது, கையைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறேன், பெஞ்சில் செய்தித்தாளின் மேல் வளையம் டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னுகிறது. ஒன்றா, இரண்டா? ஒன்று என்றால் தப்பித்தோம். அந்தக் காட்சிக்குள் எட்டிப்பார்க்கப் பார்க்க அது கலங்குகிறது. ஒன்றுதான். இல்லை, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருந்தால்? எப்போதும் அடுக்கித்தானே வைப்பேன். விரலால் பாக்கெட்டில் இருப்பதைத் தடவுகிறேன். ஓர் இடத்தில் மடிப்பு இருக்கிறது. முதலில் வெட்டியதில் ஒரு மடிப்பு விழுந்தது, அதனால்தான் அதை ஒதுக்கினேன். அப்படியானால் இது ஒதுக்கியது! நெஞ்சு லேசாகிறது. பாக்கெட்டில் கிடந்ததால் விழுந்த மடிப்பாகவும் இருக்கலாம். விரல் மறுபடியும் அதே மடிப்புக்குப் போகிறது. ஒரு போன் போட்டால் முடிந்தது. மைமூன், வளையம் போட்டேனா? நாலு வார்த்தைகூட இல்லை. ஆனால் சிக்னல் இல்லை, இருந்தாலும் இந்தச் சின்னக் காருக்குள் எப்படிக் கேட்பது? வரது சாரின் காது பக்கத்தில் இருக்கிறது. தன் பேத்தியை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவர், தான் கோத்த இன்ஜினுக்குள் என்ன போட்டோம் என்று போனில் விசாரிக்கிற மெக்கானிக்கை என்ன நினைப்பார்? அதுவும் பொய். அவர் நினைப்பதல்ல என் பயம். அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டால் அது உண்மையாகிவிடும்.

எது உண்மையாகிவிடும்? சொல்லு. சொல்ல மாட்டேன். போன மாதம் கோயம்புத்தூர் சுங்கம் பகுதியில் பட்டறைச் சாவியோடு ஒரு செல்போன் கடை வாசலில் நின்றேன். என் ஷட்டருக்கு யார் கண்ணாடிக் கதவு போட்டார்கள் என்று எனக்குக் கோபம். பட்டறையை அங்கிருந்து மாற்றி ஆறு வருடமாகிறது. அந்தக் கடைப் பெண் "யாருங்க வேணும்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன், முதுகெல்லாம் வேர்வை. வீட்டில் மனைவி பிலோமினாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழமாட்டாள், மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். டாக்டர் சொல்லப்போவது எனக்குத் தெரியாதா? என் அண்ணன் தாசு மில்லில் ஃபிட்டர். ஐம்பத்தெட்டு வயதில் ஸ்பேனரை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தார். யார்தான் தேடவில்லை? அப்புறம் சாப்பிட்ட இட்லியை மறந்துவிட்டு அண்ணியிடம் பசிக்கிறது என்றார், நாங்கள் சிரித்தோம். கடவுளே, சிரித்தோம். கடைசியில் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் வலது கையைத் தூக்கிக் காட்டி, "தம்பி, இது யாரு கை?" என்று கேட்டார். அந்தக் கை முப்பது வருடம் மில் தறிகளைப் பிரித்துக் கோத்த கை. எனக்கு வரும் டிசம்பரில் ஐம்பத்தொன்பது. ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. இந்த இன்ஜின் வெடிக்கிற வரிசை. பயம் வந்தால் இதைச் சொல்லிக்கொள்வேன், ஜெபமாலை மாதிரி. ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. சரியாகத்தான் வருகிறது. வரும், வரும், அண்ணனுக்கும் தறியின் நம்பரெல்லாம் கடைசி வரை வந்தது.

"அண்ணா, உடம்பு செரியில்லீங்களா?" பின்னாலிருந்து மதுவந்தி. "வேர்த்து ஊத்துதுங்களே உங்களுக்கு. இந்தக் குளுருல!" வரது சார் திரும்பிப் பார்க்கிறார். ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்க என்று கத்தத் தோன்றுகிறது. "பர்லியாறுல ஒரு நிமிசம் நிறுத்துங்க சார், ஆயில் பாக்கணும்" என்று சொல்கிறேன். "புள்ளையப் பரீட்சைக்கு அனுப்பிச்சவனாட்டம் இருக்கீங்க இன்னாசி. அதெல்லாம் பாஸாயிரும்" என்று சிரிக்கிறார். ஆனாலும் நிறுத்துகிறார், நல்ல மனிதர். பழக்கடைகளின் எதிரே ஓரம் கட்டுகிறோம். தகரக் கூரையில் குரங்கு. பானெட்டைத் திறந்தால் சூடு முகத்தில் அடிக்கிறது, சுத்தமான சூடு, ஆவி வாசனை இல்லை. ஆயில் குச்சியை உருவுகிறேன். முதல் தடவை துணியில் துடைத்துவிட்டுப் பார்க்கவே மறந்துவிட்டேன், மறுபடியும் விட்டு உருவுகிறேன். தேன் நிறம். பால் இல்லை, நுரை இல்லை. ஹெட்டின் ஓரமாக விரலை ஓட்டுகிறேன், நாலாம் சிலிண்டர் பக்கம் காய்ந்தே இருக்கிறது. இதனால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, பாதி மலைதான் ஏறியிருக்கிறோம். மதுவந்தி டீ வாங்கப் போவதற்காகக் குழந்தையை என் கையில் கொடுத்துவிடுகிறாள், கேட்கக்கூட இல்லை, அவ்வளவு நம்பிக்கை. அது என் மூக்கைப் பார்க்கிறது. என்ன கனம் இருக்கும், ஏழு கிலோவா? இடது கையில் குழந்தை, வலது கை மறுபடியும் பாக்கெட்டில். இங்கேயே சொல்லிவிடு. சார், ஒரு தகடு போட்டேனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, இதற்கு மேல் ஏற வேண்டாம், இவர்களை பஸ்ஸில் அனுப்புங்கள். வாயைத் திறக்கிறேன். "எனக்கு டீ வேண்டாமுங்க" என்கிறது வாய். மூன்று பேர் உயிரைவிடவா உன் மானம் பெரிது, மடையா? பெரிதாகத்தான் இருந்தது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் அதுதான் பெரிதாக இருந்தது.

மறுபடியும் ஏற்றம். ஏழாவது, எட்டாவது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, மூங்கில் உச்சிகள் மட்டும் ரோட்டின் மட்டத்தில் ஆடுகின்றன. இடது கையைக் குறுக்கே நீட்டிக் கைப்பிரேக்கின் மேல் வைத்திருக்கிறேன், இழுக்கத் தயாராக. முள் தொண்ணூறு. இன்ஜின் பிடித்தால் சத்தம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும், முதலில் ஒரு கீச்சல், அப்புறம் இரும்பு இரும்பைக் கடிக்கிற ஒரு சத்தம், அப்புறம் எதுவும் இருக்காது. கார் ஒரு கணம் நிற்கும், பின்னோக்கி நகரும். பின்னால் பஸ் இல்லை இப்போது, ஒரு லாரி. ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. காதை நாலாவதில் மட்டும் வைக்கிறேன். ஒழுங்காக அடிக்கிறது. தொண்ணூற்று இரண்டு. பத்தாவது வளைவில் முள் நின்றுவிட்டது. கண்ணாடியை விரலால் தட்டிப் பார்க்கிறேன், நகரவில்லை. பின்னால் ஜன்னல் வழியாகப் புகையைப் பார்க்கிறேன், வெள்ளை இல்லை. குழந்தை தூங்கிவிட்டது. முள் தொண்ணூறுக்கு இறங்குகிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? அங்கேதான் வேறொரு பயம் எழுகிறது, முதல் பயத்தைவிடப் பெரியது. இது இப்படியே ஏறிவிட்டால் வளையம் உள்ளே இருக்கிறது. உள்ளே இருந்தால் அதைப் போட்டவன் நான். லைனரைத் தூக்கி, வளையத்தை வைத்து, லைனரை இறக்கி, அளவுகோலை மேலே குறுக்காக வைத்து நாலு தௌ என்று அளந்து, இத்தனையையும் இந்தக் கைகள் செய்திருக்கின்றன, எனக்குத் தெரியாமல். போட மறப்பது எந்த வேலைக்காரனுக்கும் நடக்கும். போட்டதை மறப்பதுதான் அண்ணனுக்கு நடந்தது. கொஞ்சம் ஆவி வரட்டும். கொஞ்சமாக, பயமில்லாத இடத்தில், ரோடு அகலமாக இருக்கிற இடத்தில், ஓரமாக நிறுத்துகிற மாதிரி. நான் போடவில்லை, என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று இந்த வண்டி ஒரு தடவை சொல்லட்டும். இதை நான் நினைத்தேன். தூங்குகிற குழந்தை பின் சீட்டில் இருக்க, இன்ஜின் கெட்டுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பன்னிரண்டாவது வளைவு. இரங்கவில்லை, அழகாக ஏறுகிறது சனியன்.

குன்னூரில் மைதானத்தின் கேட்டுக்குள் நுழைந்ததும் நாலைந்து பேர் கை தட்டினார்கள். வரது சார் தொப்பியைக் கழற்றி, ஸ்டியரிங்குக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, அப்புறம் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "நான் சொன்னனா இல்லியா? உங்க கை தங்கமுங்க இன்னாசி. அடுத்தது என் மச்சான் வண்டி, நீங்கதான் பண்றீங்க." நான் என் கையைப் பார்த்தேன். சரிங்க என்றேன். ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று வேலியோரம் போனேன். சிக்னல் முழுதாக இருந்தது. வளையத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மடிப்பு பழைய மடிப்புதான், ஓரத்தில் கத்தரி வழுக்கிய தடம் தெரிந்தது. முதலில் வெட்டியது, ஒதுக்கியது. மூன்றாவது ரிங்கில் மைமூன் எடுத்தாள்.

"ஏறீட்டீங்களாண்ணா? முள்ளு எவ்வளவு?"

"தொண்ணூறுதான். மைமூன்... நாலாவதுக்கு அந்த வளையம் போட்டமில்ல?" சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

பட்டறையில் யாரோ எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது, அது நின்றது. அவள் போனோடு வெளியே வந்திருக்க வேண்டும்.

"போட்டீங்கண்ணா. நீங்கதான் போட்டீங்க. என்னைக் கூப்பிட்டு நாலு தௌ காமிச்சீங்க. காலைல கெளம்பறப்பவும் இதேதான் கேட்டீங்க. மூணு வாட்டி கேட்டீங்க. நான்தான் மிச்சத்தை உங்க ஜெர்க்கின் ஜோப்புல வெச்சுவுட்டேன். வழியில சந்தேகம் வந்துச்சுன்னா தொட்டுப் பாத்துக்கங்க, மிச்சம் ஜோப்புல இருந்தா மத்தது உள்ள இருக்குதுன்னு அர்த்தம்னு சொன்னேன். செரி செரின்னு தலையாட்டுனீங்களேண்ணா."

"ஆமா, ஆமா" என்றேன். "சும்மாதான் கேட்டேன்." வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலையின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் பட்டறையில் நின்றதை நினைத்துப் பார்த்தேன். ஷட்டரைத் தூக்கியது இருக்கிறது, காரில் ஏறியது இருக்கிறது. நடுவில் மைமூன் இல்லை. எனக்கு அழுகை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். "மைமூன், ஒண்ணு சொல்றேன் கேளு. இதைப் போய் உங்கண்ணி பிலோமினாகிட்ட சொல்லிடாதம்மா."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அதையும் காலைலயே சொல்லீட்டீங்கண்ணா."